இராக்கம்மாவின் இடது கால்

பெரியாஸ்பத்திரி டொக்டர் சிங்களத்தில் சொன்ன அந்த ஒரு பதில் அங்கம்மாவுக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த மாடசாமியைத் திரும்பிப் பார்த்தாள். புதுச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் பூட்டிக்கொண்டு, கோயிலில் பூசைக்கு நிற்கிறவனைப் போலக் கைகட்டி உட்கார்ந்திருந்தான் அவன். சிங்களத்தில் அவனுக்குக் கடையில் சாமான் வாங்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. நல்லவேளை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதுளை அரசாங்கக் கச்சேரியின் மேல்மாடியில் நடந்தது அந்த விசாரணை. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டு, பங்குனி மாதம். மாடசாமியின் மனைவி இராக்கம்மா பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்ற வரிசைவீட்டில் தன் ஒற்றையறைக் காம்பராவிலேயே செத்துப்போயிருந்தாள். சாவுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியின் கவனக்குறைவுதான் காரணம், நிர்வாகம் நட்டஈடு தரவேண்டும் என்று தொழிற்சங்கம் எழுதிப்போட்டு, எழுதிப்போட்டு, ஒன்றரை வருடம் கழித்துத்தான் இந்த மேசையும் இத்தனை நாற்காலிகளும் கிடைத்தன.

அங்கம்மா அந்தத் தோட்டத்து மருத்துவச்சி. இருபத்திரண்டு வருடமாக அங்கே பிறந்த பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. இராக்கம்மாவின் இடது கால் ஆறாம் நாளே தொடைவரை வீங்கி, வெளுத்து, தொட்டால் கல்லாக இருந்ததைப் பார்த்தவளும் அவள்தான். உடனே டிஸ்பென்சரிக்கு ஓடினாள். லொறி போட்டுப் பதுளைக்கு அனுப்புங்கள் என்று டிஸ்பென்சர் சின்னராசாவிடம் கெஞ்சினாள். அவர் துண்டு எழுதிக் கொடுக்காமல் லொறி நகராது.

“பிள்ளை பெத்தவளுக்குக் கால் வீங்காமல் கொம்பா முளைக்கும்?” என்று கேட்டுச் சிரித்தார் அந்த மனிதர். மறுநாளும் போனாள். மறுநாளும் அதே பேச்சுத்தான். அதற்கு முந்தின மாதம் வயிற்றுவலிக்காரன் ஒருவனை அவர் லொறியில் அனுப்பி, அது வெறும் வாயுவாகப் போய், எல்லார் முன்னாலும் தோட்டத்துத் துரை அவரைக் கிழி கிழியென்று கிழித்திருந்தார். அந்தப் பயம் இராக்கம்மாவின் தலையில் விடிந்தது. பயந்தவன் கையில் பேனாவைக் கொடுத்து வைத்தால் இப்படித்தான் ஆகும்.

டொக்டர் முதலில் சொன்னதெல்லாம் மாடசாமிக்குச் சாதகமாகத்தான் இருந்தது. காலின் நாளத்துக்குள் இரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டது, அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மேலேறி நுரையீரலுக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டது, ஆறாம் நாளோ ஏழாம் நாளோ கொண்டுவந்திருந்தால் இரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டிருப்போம், பிழைத்திருக்க இடமுண்டு என்றார். சங்கத்துக்காக வாதாட வந்திருந்த புரொக்டர் வாஹித் முகம் மலர்ந்து குறித்துக்கொண்டார்.

பிறகுதான் நிர்வாகத்தின் சட்டத்தரணி எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அப்படிப்பட்ட காலை யாராவது அழுத்தித் தேய்த்தால்?”

“தேய்க்கவே கூடாது. தேய்த்தால் கட்டி கழன்றுவிடும், ஆளே போய்விடலாம்” என்றார் டொக்டர். சொல்லிவிட்டு வார்டுக்கு நேரமாகிறது என்று புறப்பட்டுப் போய்விட்டார்.

அங்கம்மாவுக்கு அந்த ஒன்பதாம் நாள் காலை கண்முன் வந்தது. மாடசாமி வேலைக்குப் போகாமல் தரையில் சம்மணமிட்டு, இராக்கம்மாவின் காலை மடியில் தூக்கி வைத்து, எண்ணெய் மினுங்க இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டிருந்தான். எங்கேயோ கடையில் தைலம் வாங்கியிருக்கிறான், பொண்டாட்டியை இப்படிப் பார்க்கிறவன் இந்த லயத்தில் எத்தனை பேர் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே அவள் அடுத்த வீட்டுப் பிரசவத்துக்குப் போனாள். ஒரு மணி நேரத்தில் கூக்குரல் கேட்டது. தேய்ப்பது தப்பென்று அவளுக்கும்தான் தெரியாது. பதுளையில் அவளுக்குப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

“மருத்துவச்சி அங்கம்மா” என்று கூப்பிட்டார்கள்.

தமிழில் சாட்சி சொல்கிறவர்களுக்காக மட்டும் மொழிபெயர்ப்பாளர் லத்தீப் மேசையோரம் வந்து நின்றார். வாஹித் கேட்டதற்கெல்லாம் அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். அடுத்து கண்ணாடிக்காரர் எழுந்தார்.

“அன்று காலை அந்தக் காம்பராவில் தைல வாசனை அடித்ததாகப் பக்கத்து லயத்து ஆட்கள் சொல்கிறார்கள். அவளுடைய காலை யாரோ தேய்த்திருக்கிறார்கள். அது யார்?”

லத்தீப் தமிழில் சொல்லி முடிக்கும்வரைதான் அவளுக்கு அவகாசம். தெரியாது என்றால் அடுத்ததாக மாடசாமியைக் கேட்பார்கள். அவன் பொய் சொல்லத் தெரியாதவன், உள்ளதைக் கொட்டிவிடுவான். புருசனே பொண்டாட்டியைக் கொன்றுவிட்டு எங்களிடம் நட்டஈடு கேட்கிறான் என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். அதைக்கூடப் பொறுக்கலாம். தான் செய்த காரியம் என்னவென்று தெரிந்தபிறகு அவன் எப்படி இருப்பான்? இராக்கம்மா விட்டுப்போன அந்தப் பெண்பிள்ளையை எப்படி வளர்ப்பான்? தோட்டத்து மருத்துவச்சி செய்த பிழை என்றால் தோட்டத்துப் பிழைதானே என்றும் அவளுக்குச் சட்டென்று தோன்றியது. வேலை போகும், குடியிருக்கிற வீடும் போகும். போனால் போகட்டும்.

“நான்தாங்க தேச்சேன்” என்றாள்.

வாஹித்தின் பேனா அப்படியே நின்றது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த டிஸ்பென்சர் சின்னராசா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். விசாரணை அதிகாரி எழுதத் தொடங்கியபோது, பின்னால் நாற்காலி கிரீச்சென்றது.

மாடசாமி எழுந்து நின்றான். “ஐயா, அம்மா ஏன் இப்படிச் சொல்றாங்கன்னு தெரியலீங்க. அவங்க கை வைக்கலீங்க. நான்தானுங்க தேச்சேன்.”

“மாடசாமி, நீ உக்காரு!” என்று அங்கம்மா கத்தினாள்.

“இல்லம்மா, இருங்க. பொண்டாட்டிய சும்மா போட்டுட்டேன்னு யாரும் நெனச்சிறக்கூடாதுல்ல?” அவன் அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டான். இராக்கம்மாவைக் கவனித்துக்கொண்டார்களா என்றுதான் எல்லாரும் விசாரிக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். “அன்னைக்கு வேலைப் பெரட்டுக்குக்கூடப் போகலீங்க. விடிஞ்சதுலேருந்து நான்தான் தேச்சேன். நம்ம டிஸ்பென்சரி டொக்டர் ஐயாதானுங்க தைலம் குடுத்தாரு. கெண்டக்காலுலேருந்து மேல நோக்கி நல்லா அமுக்கித் தேயின்னாரு. சொன்னபடியே செஞ்சேனுங்க. ஒரு கொறையும் வைக்கலீங்க.”

லத்தீப் இதைச் சிங்களத்தில் சொல்லும்போது அவர் குரல் வரவரத் தாழ்ந்தது. கண்ணாடிக்காரர் உட்கார்ந்துவிட்டார். வாஹித் பாய்ந்து எழுந்து, தைலம் கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்.

“போத்தல் வீட்டுலதாங்க இருக்கு. மண்ணெண்ணெ ஊத்தி வெளக்கு எரிக்கிறேன். டிஸ்பென்சரிச் சீட்டு இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு.”

அதிகாரி சின்னராசாவின் பக்கம் திரும்பினார். டிஸ்பென்சரிப் புத்தகத்தில் தைலத்தைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. இல்லை என்று சாதிக்க அவருக்கு வழியிருந்தது. ஆனால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “குடுத்தனான்” என்றார். “வீக்கம் வடியும் எண்டு நினைச்சன்.”

அதிகாரி அங்கம்மாவை எச்சரித்து, அவள் சொன்ன பொய்யை வெட்டிவிட்டு, விசாரணையை முடித்தார். படியிறங்கும்போதே வாஹித்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இனி பயமில்ல. டிஸ்பென்சர்ட வாயாலயே வந்துட்டு. இனி அவங்க தப்ப ஏலாது” என்று சொல்லி மாடசாமியின் தோளைத் தட்டிவிட்டு, வேறு வழக்குக்கு நேரமாகிறது என்று ஓடினார்.

இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். மடுல்சீமை பஸ் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது, மாடசாமி ஏறாமல் அவள் பக்கம் திரும்பினான்.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் தேச்சேன்னு சொன்னதும் ஏன் எல்லாரும் அப்படிப் பாத்தாங்க? நீங்க ஏன் எனக்காகப் பொய் சொன்னீங்க?”

அவளுக்குப் பொய் இன்னொன்று தயாராக இருந்தது. ஆனால் முடிவுக் கடிதம் வரும், சங்கத்து ஆள் லயத்து வாசலில் நின்று அதை உரக்கப் படிப்பான், ஊரே கேட்கும். அப்படித் தெரிவதைவிட இது மேல்.

“வீங்குன காலத் தேய்க்கக்கூடாதாம் மாடசாமி. தேச்சா கட்டி கழண்டு நெஞ்சுக்கு ஏறிருமாம். பெரிய டொக்டர் அதத்தான் சொன்னாரு. எனக்கும் தெரியாதுப்பா, நானும் பாத்துக்கிட்டுத்தானே போனேன். தேய்க்கச் சொன்னவரு மேலதான் தப்பு. ஒன் மேல இல்ல.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் அழவில்லை. பஸ் ஹோர்ன் அடித்தது. கண்டக்டர் இவர்களைப் பார்த்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு மணியடித்தான். பஸ் போய்விட்டது.

“வலிக்குது மாமா, போதும் விடுங்கன்னு அழுதாம்மா அவ” என்றான் மாடசாமி. “டொக்டர் ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, கால இழுத்துப் புடிச்சு வச்சுத் தேச்சேன்.”