சுவர்ப் பக்கத்துக் கதவு

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதைப் போல ஒரு கேவலம் உலகத்தில் இல்லை. அதிலும் மாமனாருக்கு வாய் நீளம் என்றால் கேட்கவே வேண்டாம். வேலை பார்த்த கார் ஒர்க்‌ஷாப்பை இழுத்து மூடிய பிறகு, அவன் போக்கிடம் இல்லாமல் பெண்டாட்டியோடு அவள் அப்பா வீட்டில் வந்து ஒண்டினான். ஒர்க்‌ஷாப்பில் அவனுக்குப் பெயிண்ட் வேலை, பாலிஷ் வேலை. அதனால் மாமனார் அவனுக்கு வைத்த பெயர் ‘பாலிஷ்’. ஊர் உலகத்தில் மாப்பிள்ளையை வாங்க போங்க என்பார்கள். இவரோ, அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தால், “என்னடா பாலிஷ், தட்டு பளபளன்னு ஆயிடுச்சு போல” என்பார்.

ஒரு காலத்தில் சொந்த லாரி ஓட்டி வீடு கட்டிய மனிதர். இப்போது இடுப்பு போய்விட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து படுக்கைதான். அவருக்குச் சட்டி வைப்பது, எடுப்பது, துடைத்துவிடுவது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் மருமகன்தான். பார்க்க வருகிறவர்களிடம், “எதையும் நல்லா துடைக்கிறான், அதுல மட்டும் கெட்டிக்காரன்” என்பார். வந்தவர்களும் சிரித்துத் தொலைப்பார்கள்.

மகளைப் பற்றி அவர் இந்த அளவுக்குக்கூடப் பேசுவதில்லை. அவள் சமைப்பாள், துவைப்பாள், மாத்திரை கொடுப்பாள். அவர் வாங்கி விழுங்குவார், அவ்வளவுதான். அவளிடம் அவர் வாய் திறந்து கேட்கிற ஒரே கேள்வி, “சின்னவன் போன் பண்ணானா?” என்பது. சின்னவன் அவளுடைய தம்பி. வேலைக்கென்று வெளியே போனவன் வருஷக்கணக்காக எட்டிப் பார்க்கவில்லை, போனும் கிடையாது. “இல்லப்பா” என்பாள். “உனக்கு மணி அடிச்சது கேட்டிருக்காது” என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பெற்ற பிள்ளை திரும்பிப் பார்க்காததற்கும் பழி அவள் காதுக்குத்தான்.

வீட்டுக்குப் பின்னால், மதில் சுவரை ஒட்டி, மரத்தடியில் அந்த லாரி நின்றது. இன்ஜினில் கோளாறு இல்லை. ஓட்ட ஆள் இல்லாமல் நின்றுபோனதுதான். ஒரு காலத்துச் சிவப்பு வெயிலில் வெளுத்து, சுண்ணாம்பு பூத்த ரோஸ் நிறமாகியிருந்தது. கேபின் மேல் மரத்துப் பிசின் சொட்டிக் கெட்டிப்பட்டிருந்தது. பறவை எச்சம் பெயிண்டைத் தின்று வட்டம் வட்டமாக ஓட்டை போட்டிருந்தது.

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கிற கம்பெனி ஒன்று, சொந்த லாரியோடு வருகிறவர்களை எடுக்கிறது என்று ஒருநாள் அவன் காதுக்கு வந்தது. வண்டி பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அன்றைக்கு மாமனாரைத் துடைத்துவிட்டு, போர்வையைச் சரி செய்து, மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

“மாமா, பின்னாடி சும்மா நிக்கிற லாரியை எனக்குக் குடுங்க. நான் ஓட்டிப் பொழைச்சுக்கறேன். நாங்க தனியா போயிடறோம்.”

அவர் இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து லாரிச் சாவியை எடுத்து அவன் கண்ணுக்கு நேராக ஆட்டிக் காட்டினார்.

“புதுசு மாதிரி ஆக்கிக் காட்டு. நான் எழுந்து நடக்கிற அன்னைக்கு வந்து பாப்பேன். கண்ணுல ஒரு குறை படக் கூடாது. பிடிச்சிருந்தா சாவி உன் கையில. இல்லைன்னா காலம் பூரா என் சட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிட.”

அவன் மனைவியிடம் ஓடினான். “ஒரு ரூம் போதும். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிற மாதிரி ஒரு கதவு இருந்தா அதுவே எனக்கு அரண்மனை” என்றான். அவள் காய் நறுக்கிக்கொண்டே, “முதல்ல லாரியை முடிங்க” என்றாள்.

உயிரைக் கொடுத்து வேலை பார்த்தான். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி வருஷக்கணக்கான அழுக்கை இறக்கினான். பிசினை ஊறவைத்து, நகம் படாமல் விரல் நுனியால் உரித்தான். வாடகைக்கு மெஷின் எடுக்க வக்கில்லாததால் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையைத் துணியில் எடுத்துக் கையாலேயே தேய்த்தான். பழைய பெயிண்டுக்கு மேல்தோல்தான் செத்துப்போயிருக்கும், அதை மட்டும் இழைத்து எடுத்தால் அடியில் உயிர் இருக்கும். ஒரு தேய்ப்பு கூடினால் தகரம் பல்லைக் காட்டிவிடும். துணியெல்லாம் சிவப்பாகியது, உள்ளங்கை சிவப்பாகியது, நகக்கண்ணில் ஏறிய சிவப்பு எதற்கும் போகவில்லை. ஆனால் தேய்த்த இடத்தில், அடேயப்பா, முகம் பார்த்துத் தலை சீவலாம் போல ஒரு பளபளப்பு.

பானெட்டில் ஒரு ஒடுக்கு இருந்தது. அதைப் பட்டி வைத்து நிரப்பட்டுமா என்று மாமனாரிடம் கேட்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டான். “புதுசு மாதிரின்னா என்னன்னு தெரியாதா உனக்கு? குறைன்னு தெரிஞ்சா எடுக்க வேண்டியதுதான? இன்னொரு தடவை இது எடுக்கவா அது எடுக்கவான்னு வந்து நின்னே, சாவியைத் தூக்கிச் சாக்கடையில போட்டுடுவேன்.” அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்கப் போகவில்லை.

மூன்று பக்கம் முடிந்தது. மிச்சம் இருந்தது மதில் சுவரைப் பார்த்த பக்கம். பழைய ஒர்க்‌ஷாப் ஆட்களைக் கூட்டி வந்து லாரியைத் தள்ளி வெளியே நிறுத்தினான். சுவருக்கும் லாரிக்கும் நடுவே இருந்த சந்தில் புல் முளைக்காமல் ஒரு தடம் தேய்ந்து கிடந்தது. விழுவதற்கு முன்னால் மாமனார் தினமும் காலையில் ‘லாரியைப் பாத்துட்டு வரேன்’ என்று அந்தப் பக்கம்தான் போவார். டயரைத் தட்டிப் பார்க்கப் போகிறார் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். அதாவது, அவன் நினைத்தான்.

அந்தப் பக்கத்துக் கதவைக் கழுவும்போதுதான் அதைப் பார்த்தான். கைப்பிடிக்குக் கீழே, பெயிண்டில் அழுந்திப் பதிந்த ஒரு கை. சின்னப் பிள்ளையின் கை, ஐந்து விரலும் விரித்தபடி. பெயிண்ட் காய்வதற்குள் வைத்திருக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே அதே அகலத்துக்கு ஒரு திட்டு. யாரோ அந்த இடத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு மேலே டச்சப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அவசரத்தில் செய்த வேலை, ஓரம் அப்பட்டமாகத் தெரிந்தது. தொழில்காரன் கண்ணுக்கு இதெல்லாம் தப்புமா?

டீ கொண்டுவந்த மனைவியிடம் காட்டினான். “இங்க பாரேன். சின்னப் புள்ளை கை. உன் கையா?”

“என் கை இல்லை.”

“பின்ன யாருது?”

“பெயிண்ட் அடிச்ச இடத்துல எவன் புள்ளையோ வெச்சிருக்கும். தேய்ச்சு எடுத்துடுங்க. கண்ணுல ஒரு குறை படக் கூடாதுன்னுதான அப்பா சொன்னார்?”

“எதுக்கும் மாமாகிட்ட ஒரு வார்த்தை...”

“போய்க் கேளுங்க. சாவியைச் சாக்கடையில போடட்டும்.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து உட்கார்ந்தான். அவள் வழக்கம்போல டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். யாரும் சொல்லித்தராமலே, பேப்பர் காயப் போகிற நேரம் பார்த்து, சரியாக ஊற்றினாள். கட்டை விரல் போயிற்று, சுண்டு விரல் போயிற்று. உள்ளங்கை மட்டும் மிச்சம் இருந்தபோது, “நான் கொஞ்சம் தேய்க்கட்டுமா?” என்றாள்.

அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் தானாக அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவள் கைமேல் கை வைத்து, “அழுத்தாத, சும்மா வருடிக்குடு” என்று சொல்லிக்கொடுத்தான். இரண்டு பேர் கையும் சிவப்பானது. தனி வீடு, உள்பக்கத் தாழ்ப்பாள், அதில் இவளும் தானும் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு தேய்த்தான் பாவி.

அதன்பிறகு அந்த இடத்தில் அவன் காட்டியது ஆயுசுக்கும் செய்யாத வேலை. சிவப்பைச் சிவப்போடு கலந்து கலந்து பார்த்து, மெல்லிசாக அடித்து, காயவிட்டு, இழைத்து, மறுபடி அடித்தான். பழைய திட்டின் ஓரத்தையும் சேர்த்தே மறைத்தான். மெழுகு போட்டுத் துடைத்து முடித்தபோது கை எங்கே இருந்தது, திட்டு எங்கே இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

மாமனார் எழுந்து நடக்கிற நாள் வந்தது. நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு திட்டு திட்டிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். லாரியைப் பார்த்ததும் திட்டு நின்றது.

“பரவாயில்லையே” என்றார். பானெட்டில் தன் முகத்தைப் பார்த்தார். “எடுத்த அன்னைக்குக்கூட இப்படி இல்லை. கைத்தொழில் இருக்கு உன்கிட்ட, மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை என்றார். அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் பின்வாசல் படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாமனார் சட்டைப் பையிலிருந்து சாவியை வெளியே எடுத்தார். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டைத் தள்ளித் தள்ளி, சுவர்ப் பக்கத்துக் கதவுக்குப் போனார். அவன் கூடவே போனான்.

அவர் கண்ணால் தேடவில்லை. இருட்டில் சொந்த வீட்டு சுவிட்சுக்குக் கை போவது போல அவர் உள்ளங்கை நேராகக் கைப்பிடிக்குக் கீழே போயிற்று. வழவழவென்று இருந்தது. கையைக் கொஞ்சம் நகர்த்தினார். மேலே தடவினார், கீழே தடவினார். பிறகு கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“எங்க?” என்றார்.

அவன் முகமெல்லாம் பல்லாக, “தெரியலை இல்ல மாமா? யாரோ கை வெச்சு அசிங்கமா இருந்துச்சு. அடியோட எடுத்துட்டேன். எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது” என்றான்.

“சின்னவன் கைடா அது” என்றார் மாமனார். குரலே எழும்பவில்லை. “அஞ்சு வயசுல வெச்சது.”

அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் இரண்டு கையாலும் கதவைத் தடவிக்கொண்டே இருந்தார். இடுப்பு வலியில் படுக்கை நனைத்த நாளில்கூட அழாத மனிதர், அன்றைக்கு வாய் கோணி அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை.

“யார் சொன்னது எடுக்கச் சொல்லி?”

அவன் படியைப் பார்த்தான். அவள் அப்படியே நின்றாள், இமைகூட அசையவில்லை. “யாரும் சொல்லலை மாமா” என்றான் அவன். “நானாதான் செஞ்சேன்.”

மாமனார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விரலில் இருந்த சாவியைத் திருப்பிப் பிடித்து, அந்த இடத்தில் அழுத்தி வைத்து, கதவின் ஓரம் வரைக்கும் இழுத்தார். கர்ரென்று தகரம் தெரியக் கோடு விழுந்தது. மறுபடி இழுத்தார், மறுபடியும் இழுத்தார். கை ஓய்ந்ததும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“விடிஞ்சா நீ இங்க இருக்கக் கூடாது. அவ இருப்பா. எனக்குச் செய்ய ஆள் வேணும்.”

அவன் அறைக்குள் போய்ப் பையை எடுத்தான். அவள் பின்னாலேயே வந்து அவன் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

“உன் துணியையும் எடுத்து வை” என்றான். “லாரி போனா போகுது, விடு. எங்கயாவது கூலி வேலை பாத்துக்கலாம்.”

அவள் தன் துணியைத் தொடவில்லை. “பக்கத்துல ஒரு திட்டு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?”

“எவனோ அவசரத்துல டச்சப் அடிச்சிருந்தான்.”

“அப்பாதான் அடிச்சார். அது என் கை.”

அவன் பையைக் கீழே வைத்தான்.

“பெயிண்ட் அடிச்ச அன்னைக்கு நானும் சின்னவனும் ஒண்ணாதான் கை வெச்சோம். அவனைத் தூக்கி, சிங்கக்குட்டி வண்டியில கையெழுத்துப் போட்டுட்டான்னு முத்தம் குடுத்தார். என்னைப் பளார்னு அறைஞ்சார். வண்டியைப் பாழாக்கிட்டேனாம். என் கையை மட்டும் தேய்ச்சு எடுத்தார். என்னையேதான் தண்ணி ஊத்தச் சொன்னார்.” சட்டைக் காலரை நீவிவிட்டாள். “அதுக்கப்புறம் தினமும் காலையில அதைத் தடவிட்டு வந்துதான் அவருக்குச் சாப்பாடே இறங்கும். நான் ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டே வளந்தேன்.”

“முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீங்க தேய்ச்சிருக்க மாட்டீங்க.”

இரண்டு மாசம் விரல் தேயத் தேய்த்தது, சட்டி தூக்கியது, பழியை ஏற்றுக்கொண்டது எல்லாம் ஒன்றாக அவன் நினைவுக்கு வந்தது. “சாவி கிடைச்சிருந்தா நாம ரெண்டு பேரும் போயிருக்கலாமேடி” என்றான்.

“போயிருக்கலாம்” என்று ஒப்புக்கொண்டாள். “போயிருந்தாலும் அவர் அதைத் தடவிக்கிட்டேதான இருந்திருப்பார்?”

“சரி, முடிஞ்சுதுல்ல. இப்பவாவது கிளம்பு.”

“நான் வரலை. நாளைக்குக் காலையில அவர் எழுந்து லாரிகிட்ட போவார். நான் பாக்கணும்.” மடித்த சட்டைகளைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தாள்.

விடிந்ததும் அவன் பையோடு பின்பக்கமாக வெளியே வந்தான். மாமனார் அவனுக்கு முன்னாலேயே எழுந்து வந்திருந்தார். ஸ்டாண்டில் சாய்ந்துகொண்டு, கீறல்களுக்கு நடுவே உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அவனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கேட் வரைக்கும் போய், மனசு கேட்காமல் சமையலறை ஜன்னலைப் பார்த்தான். அவள் பார்வையும் அவன் பக்கம் இல்லை. அப்பாவைப் பார்த்தபடி, டீயை ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தாள்.