சின்னத் தட்டு

தெருவில் அவளுக்கு ஆணிவாய் என்று பெயர். சோபாவுக்கும் நாற்காலிக்கும் துணி மாற்றுபவள். ஒரு கையில் சுத்தியல், மறுகையில் இழுத்துப் பிடித்த துணி. ஆணிக்கு இருக்கும் இடம் வாய்தான். ஒரு பிடியை உள்ளே போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவாள். காந்தச் சுத்தியல் வந்து எடுத்துக்கொள்ளும். வளைந்த ஆணி என்றால் நாக்குக்கே தெரியும். திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்கதவு வழியாக முற்றத்து மண்ணில் துப்பிவிடுவாள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

போன வாரம் அவள் துப்பியது ஆணி அல்ல. கோரைப்பல்லின் தங்க மூடி. அது தளர்ந்து நாக்கில் புரண்டபோது, வளைந்த ஆணி என்றே நினைத்துவிட்டாள்.

சாயங்காலம் வாய் கொப்பளிக்கும்போதுதான் தெரிந்தது. அதற்குள் மழை பெய்துவிட்டது. நாலு ஆட்கள் அந்த முற்றம் வழியாக இரண்டு சோபாவைத் தூக்கிப் போயிருந்தார்கள்.

பல் டாக்டர் பெரிதுபடுத்தவில்லை. "வேற ஒண்ணு செஞ்சு போட்டுடலாம்மா," என்றார்.

"வேணாங்க," என்றாள்.

அந்த மூடியைச் செய்தவள் அவளுடைய அக்கா. பல் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவள். தங்கைக்கு இரண்டு செய்து கொடுத்தாள். மேலே கோரைப்பல்லுக்கு ஒன்று, கீழே கடைவாய்க்கு ஒன்று. போன வருஷம் அக்கா இறந்துபோய்விட்டாள்.

கணவன் தச்சன். இருவருக்கும் ஒரே பட்டறை. நாற்காலிக்கு எலும்பு அவன் வேலை, சதை அவள் வேலை. அவள் சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இப்போது சிரிப்பு வந்தால் கை போய் வாயைப் பொத்திக்கொண்டது. தோள் மட்டும் இரண்டு முறை குலுங்கும், அவ்வளவுதான். ஒரு வாரமாக அவன் ரம்பத்தின் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தான். அது இவ்வளவு கரகரப்பு என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

இதற்கு நடுவில் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, திங்கட்கிழமை காலை முற்றத்துக்குச் சிமெண்ட் போடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். மழைக்குச் சேறாகிறது என்று அவர்களே கேட்டிருந்ததுதான்.

தச்சன் பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி முற்றம் முழுக்க இழுத்தான். மேல்மண்ணில் கிடந்தது மட்டும் ஒரு டப்பா ஆணி சேர்ந்தது. தங்கம் காந்தத்துக்கு மசியாது. ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியைக் கூப்பிட்டான். தம்பிக்குத் தண்ணீர்த் துறையில் வேலை, அதனால் வீட்டில் குழாய் என்று பெயர். லீவு நாளில் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவான். இதுவரை கிடைத்தது சில்லறையும் சோடா மூடியும்தான், ஆனால் பேச்சைக் கேட்டால் புதையல் எடுத்தவன் மாதிரி இருக்கும்.

மெஷினின் தண்டுக்கு அடியில் ஒரு தட்டு. மண்ணுக்குள் இருப்பதை உணர்வது அதுதான். குழாயின் பையில் மூன்று தட்டுகள் இருந்தன. ஒன்று சாப்பாட்டுத் தட்டைவிட அகலம். ஒன்று நடுத்தரம். ஒன்று உள்ளங்கை அளவு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"அது எதுக்கு?" என்றான் தச்சன்.

"இலவசமா வந்தது அண்ணே. பொம்மை. பெருசு போட்டாத்தான் ஆழம் போகும், அகலமும் வளைக்கும். அரை மணியில முடிஞ்சிடும்."

பெரிய தட்டை மாட்டி முற்றத்தில் ஒரு வீச்சு வீசினான். மழை விட்ட குளத்துத் தவளைகள் மாதிரி மெஷின் கத்தியது.

"ஏன் அண்ணி, இங்க மண்ணும் கொஞ்சம் கலந்திருக்கா?"

அவள் கதவோரம் நின்றிருந்தாள். கை வாய்க்குப் போனது. தோள் குலுங்கியது.

குழாய் ஒரு பொத்தானை அழுத்தினான். "இரும்பை ஒதுக்கிட்டேன். இனிமே நல்ல சாமான் மட்டும்தான் பேசும்."

முற்றம் முழுக்க நடந்தான். மெஷின் வாயைத் திறக்கவில்லை. இருபது நிமிஷத்தில் திரும்பி வந்து, "இல்ல அண்ணி. தூக்கிட்டுப் போன ஆளுங்க செருப்புல ஒட்டிட்டுப் போயிருக்கும்," என்றான்.

அவள் தலையாட்டினாள். "சரி தம்பி. டீ போடறேன்," என்று உள்ளே போனாள். குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் தச்சனுக்குப் பொறுக்கவில்லை.

"டேய், இருந்தா அது பேசும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தங்கம் அண்ணே. பேசாம எங்க போகும்?"

"ஒரு தடவை வச்சுக் காட்டு."

குழாய் தன் மோதிரத்தைக் கழற்றி மண்ணில் போட்டான். பெரிய தட்டு உடனே கூவியது. "போதுமா?"

"மோதிரம் கனம். மூடி முட்டை ஓடு மாதிரி. அதே மாதிரி ஒண்ணை வச்சுப் பாக்கணும்."

"அதே மாதிரிக்கு எங்க போறது?"

அவள் மூன்று டம்ளருடன் வந்தாள். தச்சன் அவள் கன்னத்தைப் பார்த்தான். குழாயும் பார்த்தான்.

"என்ன ரெண்டு பேரும் முழிக்கறீங்க?"

"நீ கொஞ்ச நேரம் படுக்கணும்," என்றான் தச்சன்.

அவன் ஒரு பெஞ்சைக் கொண்டுவந்தான். ஆணியே இல்லாமல் மரமுளை வைத்துக் கூட்டியது. அவள் கம்மலைக் கழற்றினாள், கொண்டை ஊசிகளை எடுத்தாள். கடைவாயில் இன்னொரு மூடி இருக்கும் கன்னம் மேலே தெரிய, பக்கவாட்டில் படுத்தாள். தச்சன் தன் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்தான்.

"என் மூஞ்சிக்கு மேல எதையும் போட்டுடாதீங்க தம்பி."

"பேசாதீங்க அண்ணி. தாடை ஆடுது."

கன்னத்துக்கு மேலே நாலு விரல் உயரத்தில் பெரிய தட்டு போனது. ஏதோ முனகியது மாதிரி இருந்தது, இல்லாதது மாதிரியும் இருந்தது. தச்சன் டப்பாவிலிருந்து பத்து ஆணியை எடுத்து, அவள் முகத்தைச் சுற்றிப் பெஞ்சில் தூவினான்.

"இப்ப பாரு. நிஜத்துல அது இப்படித்தானே கிடக்கும்."

பெரிய தட்டு மீண்டும் போனது. சத்தமே இல்லை. நடுத்தரத் தட்டு விக்கியது, அத்துடன் சரி. குழாய் நெற்றியைச் சொறிந்தான்.

"பொம்மையை மாட்டு," என்றான் தச்சன்.

உறையைப் பிரித்து மாட்டினார்கள். சின்னத் தட்டு ஆணிகளுக்கு மேலே ஊமையாக நகர்ந்தது. கன்னத்துக்கு மேலே வந்ததும் மெல்லிய ஒரே சத்தம் எழுந்தது. நகர்த்தினால் நின்றது. திரும்பக் கொண்டுவந்தால் எழுந்தது.

"என்ன சொல்லுது?" என்றாள் பல்லைக் கடித்தபடி.

"இருக்கேன்னு சொல்லுது," என்றான் தச்சன்.

குழாய்க்குப் புரிந்துவிட்டது, ஒத்துக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. "பெருசுக்கு அடியில ஒரே நேரத்துல இருபது ஆணி. சந்தைக்கு நடுவுல ஒருத்தர் முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்? இது ரெண்டு மூணு பேர்கிட்ட மட்டும் காதைக் கொடுக்குது. ஆனா அண்ணே, ஆழம் போகாது. இடமும் வளைக்காது. இந்த முற்றத்துக்கு சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டும்."

ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நூல் கட்டினார்கள். நூலை ஒட்டி ஒரு கோடு, பிறகு நூலை நாலு விரல் தள்ளி அடுத்த கோடு. மண்ணை உரசுகிற மாதிரி தட்டைப் பிடித்துத் தச்சன் நகர்த்தினான். மரத்தின் மேல் இழைப்புளி தள்ளிய கைக்கு அந்த நிதானம் தெரியும். குழாய் வேகமாக வீசிப் பழகியவன், நூலைப் பிடிக்கும் வேலைக்கு இறங்கினான். அவள் மண்டியிட்டுக் கரண்டியுடன் பின்னால் வந்தாள்.

முதல் சத்தம் பத்தாவது நிமிஷத்தில் வந்தது. மூன்று பேரும் குனிந்தார்கள். பித்தளை ஆணி. சோபா விளிம்பில் அலங்காரத்துக்கு அடிப்பது. அதுவும் அவள் துப்பியதுதான். பித்தளை இரும்பு இல்லையே, மெஷின் அதை ஒதுக்காது.

மதியத்துக்குள் இருபத்திரண்டு பித்தளை ஆணி. ஒவ்வொன்றையும் அவள் துடைத்துத் தலையைப் பார்த்தாள்.

"இது வக்கீல் வீட்டு சோபா. பூப்போட்ட தலை."

"இது?"

"டாக்டரம்மா நாற்காலி. நீங்க கால் குட்டையா வெட்டிட்டீங்களே, அது."

"ஒரு நூல் அளவுதான் குட்டை."

"அவங்க உக்காந்ததும் சாஞ்சாங்களே."

"சாஞ்சது அவங்க இடுப்பு."

கை மறுபடி வாய்க்குப் போனது. கையில் சேறு. மீசை முளைத்தது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு இன்னும் கால்வாசி இடம் மிச்சம். வெயில் முதுகில் ஏறியது. தச்சனுக்குத் தோள் கடுத்தது. குழாய் வாங்கிக்கொள்கிறேன் என்றான், அவன் கொடுக்கவில்லை.

"விட்டுடலாங்க," என்றாள் அவள் மெதுவாக. "கிடைக்கலேன்னா என்ன. அக்கா செஞ்சது இன்னொண்ணு உள்ள இருக்கே."

"அது எனக்குத் தெரியறதில்ல," என்றான் அவன், மண்ணைப் பார்த்தபடி. "நீ சிரிக்கும்போது தெரியறது தொலைஞ்சதுதான்."

அவள் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டாள். கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கோட்டுக்கு நகர்ந்தாள்.

தண்ணீர்க் குழாய் சொட்டும் மூலைக்கு அருகில் மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. தச்சன் தட்டைக் குறுக்காகத் திருப்பிப் பார்த்தான். அந்தப் பக்கமிருந்தும் வந்தது. இரண்டு விரல் ஆழத்தில், துருப்பிடித்த மூன்று ஆணிகள் ஒட்டிய ஒரு மண்கட்டி. அவள் அதைக் கரண்டியால் தொடவில்லை. டம்ளர் தண்ணீரில் போட்டாள். மண் கரைந்து இறங்கியது. ஆணிகள் அடியில் உட்கார்ந்தன. அவற்றின் மேல் மஞ்சளாக, அரிசி உமிபோல, மூடி.

மூன்று பேரும் டம்ளருக்குள் பார்த்தபடி நின்றார்கள்.

அவள் அதைத் தண்ணீர்க் குழாயில் நாலு முறை கழுவினாள், வெந்நீரில் ஒரு முறை. விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல், அவ்வளவுதான். திரும்பி நின்று பல்லில் வைத்து அழுத்தினாள். உட்கார்ந்தது. ஆனால் பிடிப்பில்லை.

"கையிலேயே வச்சுக்கோயேன்," என்றான் தச்சன்.

"வாயிலயே இருக்கட்டும்," என்றாள். "டாக்டர் இப்ப இருப்பாரா?"

"அஞ்சு மணிக்கு வருவார். நடந்தா சரியா இருக்கும். அதுவரைக்கும் வாயைத் திறக்காத."

"பதினெட்டு வருஷத்துல அண்ணன் இதைச் சொல்றதுக்கு இன்னைக்குத்தான் ஒரு சாக்கு கிடைச்சிருக்கு," என்றான் குழாய்.

அவள் சிரித்துவிட்டாள். கை மேலே எழவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. மூடி பல்லிலிருந்து நழுவியது. தச்சன் அதை அவள் மோவாய்க்குக் கீழே உள்ளங்கையில் பிடித்தான்.

அவள் வாங்கித் திரும்ப வைத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள். டாக்டர் வீடு மூன்று தெரு தள்ளி. முதல் தெரு முனைக்குள் அவளுக்கு இன்னும் இரண்டு முறை சிரிப்பு வந்தது. தச்சன் கையை எடுக்கவில்லை. அவள் மோவாய்க்குக் கீழே அதை ஏந்தியபடியே, எதிரே வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, அவள் வேகத்துக்கு நடந்தான்.