குளிர்ச் சுருளும் அத்தானும்

சோதனை அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தானைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். ஜெனரேட்டருக்குள் சுழலும் பாகமான ரோட்டர் இருந்த அந்த அறையில் அவர் மட்டும் தனியாக, அதன் திறந்த வயிற்றுக்குள் இரண்டு கைகளையும் விட்டுக் குடைந்துகொண்டிருந்தார்.

அந்த ரோட்டர் அவள் வடிவமைத்தது. உள்ளே இருக்கும் சுருளைப் பனிக்கட்டியெல்லாம் வெந்நீர் என்று சொல்லுமளவு குளிர வைத்துவிட்டால், மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் ஓடும். வழக்கமான செம்புச் சுருள் ரோட்டரின் எடையில் பாதி போதும். ஆனால் இரண்டு சோதனையிலும் சுருள் குளிர மறுத்தது. எங்கிருந்தோ சூடு புகுந்தது. நாளைய சோதனையும் ஊற்றிக்கொண்டால், "பேசாம செம்புக்கே போயிடலாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அத்தானோ செம்புப் பிரிவிலேயே தலை நரைத்த ஃபோர்மேன். இது ஜெயித்தால் அந்தப் பிரிவுக்குப் பூட்டு. அதனால்தான் வடிவமைப்புக் கூட்டங்களுக்கு அவரை அவள் கூப்பிடுவதே இல்லை. அக்கா புருஷன் என்பதற்காகப் பூனையைப் பாலுக்குக் காவல் வைக்க முடியுமா?

சாப்பாட்டு மேசையிலிருந்து மேனேஜரை இழுத்துக்கொண்டு வந்து உள்ளே பாய்ந்தாள்.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"ஷ்... கத்தாதே, கை நழுவிடும்." சூடு புகாமலிருக்கச் சுருளைப் போர்த்தியிருந்த வெள்ளித் தாள் அடுக்குகளை விறைப்பாக இழுத்து நாடா ஒட்டினார். "உன் பசங்க சுத்தின லட்சணத்தைப் பாரு. தொளதொளன்னு கிடக்குது. சுத்துற வேகத்துல பிய்ச்சுக்கிட்டுப் பறக்காதா? ஒவ்வொரு தடவையும் நான்தான் வந்து இறுக்கிட்டுப் போறேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பின்ன? மச்சினி மானம் போகலாமா?"

சூடு புகுந்த வழி அவளுக்குப் புரிந்துவிட்டது. செம்பு ரோட்டர்காரர்களுக்குத் தளர்ச்சிதான் எமன். இங்கேயோ தாள்கள் ஒன்றையொன்று அழுத்தாமல் தளர்வாகக் கிடக்க வேண்டும். மேலே போடும் வலை அவற்றைப் பறக்காமல் பார்த்துக்கொள்ளும். இறுக்கினால் வெளிச்சூடு தாளுக்குத் தாள் தாவிச் சுருளுக்கே போய்விடும்.

"தெரிஞ்சேதான் செஞ்சிருப்பாரோ?" மேனேஜர் அவள் காதருகே கிசுகிசுத்தார்.

ஆமாம் என்றால் போதும். பழி அத்தானோடு போய்விடும். அவரோ தாள் கீறிய விரலைச் சப்பியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியாது சார். தளர்வா இருக்கணும்னு நான் அவர்கிட்ட சொன்னதே இல்லை. கூட்டத்துக்கே கூப்பிடலை. தப்பு என்னுது. சோதனையைத் தள்ளி வைங்க, அவரே பிரிச்சுச் சுத்தட்டும்."

மேனேஜர் முகத்தைச் சுளித்தார். பிறகு தலையாட்டிவிட்டுப் போனார்.

அத்தான் நாடாவை உரிக்க ஆரம்பித்தார்.

"என்னைத் திருடன்னு நினைச்சு ஆள் கூட்டிட்டு வந்தியே, அதை உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடும்மா. நான் சொன்னா நம்ப மாட்டா."