கம்பவுண்டரும் என் வீட்டுக்காரரும்

எனக்கு இரண்டு ஆண்கள். ஒருவர் கம்பவுண்டர், இன்னொருவர் என் வீட்டுக்காரர். இருவருக்கும் ஒரே முகம், ஒரே செருப்பு, ஒரே குறட்டை. பச்சை ஏப்ரனை மாட்டியிருந்தால் கம்பவுண்டர். அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கினால் வீட்டுக்காரர்.

இது நான் செய்த ஏற்பாடு. நான் வேலை பார்த்த செருப்புக் கடைக் கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போய், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம். வீட்டுக்காரர்தான் என்னைத் துடைத்தார், துணி மாற்றினார், மூத்திரப் பையைக் காலி செய்தார். கையைக் கழுவிவிட்டு வந்து என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தொடாதீங்க. இந்த வேலையெல்லாம் செய்யற ஆளு வேற, என்னைக் கொஞ்சற ஆளு வேற. ரெண்டு பேரும் ஒண்ணா இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது."

வெளியே போனார். மறுநாள் காலை பச்சை பிளாஸ்டிக் ஏப்ரனோடு, காதில் ஒரு பேனாவைச் சொருகிக்கொண்டு வந்து நின்றார்.

"வணக்கம் மேடம். நான் புதுக் கம்பவுண்டர். உங்க வீட்டுக்காரர் அனுப்பினார். ஆளு கொஞ்சம் ஒரு மாதிரிதான் போல."

விழுந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவர் அப்படிப்பட்ட ஆள். லிஃப்ட் மெக்கானிக். எங்கள் அறிமுகமே லிஃப்டில்தான். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் பதினோரு செருப்புப் பெட்டிகளோடு நான் மாட்டிக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. "உள்ளே எத்தனை பேர்?" ஒருத்திதான் என்றேன். "பயப்படாதீங்க. நான் பேசிட்டே இருக்கேன், கை பாட்டுக்கு வேலையைப் பார்க்கும்." நாற்பது நிமிஷம் பேசினார். கதவு திறப்பதற்கு முன்பே எனக்கு அந்தக் குரல் பிடித்துப்போயிருந்தது. ஆளைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதை இருபத்திரண்டு வருஷமாக அவரிடம் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருஷம் இந்த விளையாட்டு எங்களைக் காப்பாற்றியது. கம்பவுண்டரிடம் வீட்டுக்காரரைப் பற்றிப் புகார் சொல்வேன். "அந்த ஆளை நம்பாதீங்க மேடம், முழியே சரியில்லை" என்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, தெருவில் இறங்கிப் போய், சொந்த வீட்டுக்கே மணியடித்துவிட்டு வருவார். வெறுங்கையோடு வர மாட்டார். ஒருநாள் ஒற்றைக் கம்மல். இன்னொரு நாள், எங்கள் கடையிலிருந்தே இடது கால் செருப்பு மட்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அந்தக் கம்பவுண்டர் உன்கிட்ட ரொம்பத்தான் உரிமை எடுத்துக்கறான்" என்று முறைப்பார். "உங்களைவிட லட்சணமா இருக்கார்" என்பேன். செத்தால் தேவலை என்று கிடந்த நாட்களிலும் அந்த ஆறு மணிக்காகக் காத்திருந்தேன்.

மூன்றாவது வருஷம் அது நழுவியது. முதலில் மணி நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டதாம். அப்புறம் சட்டை மாற்றுவது நின்றது. ஏப்ரனோடு சாப்பிட்டார். ஏப்ரனோடு நாற்காலியில் தூங்கிப்போனார். ஆணி சும்மாவே இருந்தது. அவர்மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு மணிக்கொரு தரம் என்னைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். நடுவே வேலைக்கு ஓட வேண்டும். என் முதுகின் அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் படுக்கைப்புண் வந்திருந்தது. தினமும் அதற்கு மருந்து வைத்துக் கட்டினார். அதில் அவர் கை தேறிக்கொண்டே போனது. எனக்குப் பயமே அதுதான்.

ஒரு காலையில் நான் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். முதுகுப் பக்கம் அவர் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கம்பவுண்டர்."

"சொல்லுங்க மேடம்."

"என் வீட்டுக்காரர் இந்தப் பக்கமே வர்றதில்லையே. பதினேழு நாளாச்சு."

ஏதாவது கிண்டலாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். துடைக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"அவர் இனிமே வர மாட்டார் மேடம்."

"ஏன்?"

"கதவு வரைக்கும் வந்து பார்த்தாராம். உள்ளே புண்ணு தெரியுதாம், பை தெரியுதாம், மாத்திரை நேரம் தெரியுதாம். நீங்க தெரியலையாம்." டேப்பைக் கிழித்துக்கொண்டே, "அவர் சொல்லச் சொல்லலை. நானாத்தான் சொல்றேன்" என்றார்.

பிறகு ஒரு சுருக்கம் இல்லாமல் டேப்பை ஒட்டினார். நான் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்காரராக வந்து இதைச் சொல்லியிருந்தால் மூஞ்சியைப் பிறாண்டியிருப்பேன். அவராலும் சொல்லியிருக்க முடியாது. அதைச் சொல்வதற்கு ஓர் ஆளை நானே உண்டாக்கிக் கொடுத்திருக்கிறேன். கால் போனதற்கு அழுததைவிட அன்று அதிகமாக அழுதேன்.

மறுநாள் அக்காவுக்கு போன் செய்தேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றைப் பற்றி அவள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் இருவரும் மறுத்திருந்தோம்.

"போக மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னியேடி" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அக்காவுக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும்.

அவரிடம் சொன்னபோது முகம் சுண்டிப்போயிற்று. "நான் ஒழுங்கா பார்த்துக்கலையா?"

"ரொம்ப ஒழுங்கா பார்த்துக்கறீங்க. அதான் போறேன். துடைக்கறதுக்கு அங்கே ஆள் இருக்கு. நீங்க சும்மா வந்து உட்கார்ந்தா போதும். எனக்கு என் வீட்டுக்காரர் வேணும்."

விரிப்புகளை மடித்து வைத்தார்.

இல்லத்தில் எனக்குச் சின்ன அறை. என்னைக் கவனிக்கும் பெண்ணுக்குக் கை ஐஸ். பெயர் கேட்காமல் எல்லோரையும் செல்லம் என்பாள். என் உடம்பைத் துடைக்கும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் நாலிலிருந்து ஐந்து வரை. முதல் மூன்று நாள் யாரையும் விடமாட்டார்கள். நாலாம் நாள் அவளைத் தலைவாரிவிடச் சொன்னேன், பவுடர் போடச் சொன்னேன். அந்த ஒற்றைக் கம்மலை வலது காதில் போட்டுக்கொண்டேன்.

சரியாக நாலு மணிக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. வீட்டுக்காரர்தான் என்று நினைத்தேன். நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கி என் குதிகாலைப் பார்த்தார். அடுத்து மூத்திரப் பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்.

"கடைசியா எத்தனை மணிக்குத் திருப்பி விட்டாங்க? டிரெஸ்ஸிங் யாரு பண்ணாங்க? டேப்பு சுருங்கியிருக்கே."

என் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. வீட்டைவிட்டு நான் வந்தது வீணாகிப்போனது.

"கம்பவுண்டர்" என்றேன். போர்வையைப் பிடித்திருந்த கை நின்றது. "இது பார்க்க வர்றவங்க நேரம். உங்களுக்கு இங்கே வேலை இல்லை. வெளியே போங்க. என் வீட்டுக்காரர் வந்திருந்தா உள்ளே அனுப்புங்க."

நிமிர்ந்து பார்த்தார். கம்மலைப் பார்த்தார். பிறகு போர்வையைச் சரிசெய்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நாலே கால். கதவுக்கு அடியில் அவர் செருப்பின் நிழல் தெரிந்தது. போகவும் இல்லை, வரவும் இல்லை. நாலு இருபத்திரண்டுக்கு ஒரு சத்தம் கேட்டது. இவர் குறட்டை விட்டுக் கேட்டிருக்கிறேன், கோணல் குரலில் பாடிக் கேட்டிருக்கிறேன். இது புதிது. நான் விழுந்த அன்றும் அழாத மனுஷன், வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டதுபோல் அழுகிறார்.

எழுந்து போய்க் கதவைத் திறக்க என்னால் முடியாது. பெல்லை அழுத்தினால் அந்த ஐஸ் கைக்காரி வருவாள். என்னிடம் இருந்தது வாய் மட்டும்தான்.

"உள்ளே எத்தனை பேர்?" என்று கதவைப் பார்த்துக் கேட்டேன்.

சத்தம் நின்றது.

"ஒருத்தன்தான்."

"பயப்படாதீங்க. நான் பேசிட்டே இருக்கேன்."

ஒற்றைக் கால் என்று அக்கா சொன்னதைச் சொன்னேன். ஐஸ் கைக்காரியைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்கு லிஃப்டுக் கதவு திறந்ததும் எனக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்தது என்பதை மறுபடியும் சொன்னேன். நாலு முப்பத்தைந்து ஆகிவிட்டது. கதவு திறக்கவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன்.