இடப்பக்கம் ஓடிய ஸ்ட்ரீட்கார்

கௌசி அச்சுத்தாளைத் தான் செதுக்கிய மரப்பலகையிலிருந்து மெதுவாக உரித்தெடுத்தாள். நூறாண்டுகளுக்கு முன்னர் கனடாவில், யோங் வீதியும் கிங் வீதியும் சந்திக்குமிடத்தில் எழுந்த முதல் வானளாவிகள், ஒரு யன்னலும் பிசகாமல், கறுப்பு மையில் பதிந்திருந்தன. அவற்றின் கீழே, ஸ்ட்ரீட்கார் எனப்படும் ட்ராம் வண்டி தண்டவாளத்தில் ஓடும் நெரிசலான வீதி. பார்க்டேலிலுள்ள அந்த அச்சுக்கூடம் நடத்தும் கண்காட்சியில், சுவரில் அவளுக்கென ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவளுக்கு வாய்த்த முதலாவது இடம் அது. அன்று மாலைக்குள் படத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

கண்காட்சிக்குப் பொறுப்பாயிருந்த கீதன் குனிந்து பார்த்தான். அவன் கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவன்.

“அக்கா, பில்டிங் எல்லாம் சூப்பர். ஆனா ஸ்ட்ரீட்கார் ஏன் லெப்ட்ல போகுது?”

கனடாவில் வாகனங்கள் வலப்பக்கம் ஓடுபவை; கௌசி அச்சுத்தாளை மீண்டும் உற்றுப் பார்த்தாள். மரத்தில் செதுக்குவது இடம் வலம் மாறியே அச்சாகும் என்பதை அவள் அறியாதவள் அல்லள். அதனால்தான் தாளில் வரைந்த படத்தைப் புரட்டிப் போட்டுப் பலகையில் படியெடுத்திருந்தாள். ஆனால், சென்ற கிழமை சாரதிப் பரீட்சையில், யாழ்ப்பாணப் பழக்கத்தில் இடப்பக்கம் ஒதுங்கித் தோற்றுப்போனாள். அன்றுமுதல் கணவன் கஜீவன், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில், “வலப்பக்கம் பிடியுமப்பா, வலப்பக்கம்!” என்று கத்திப் பழக்கினான். அந்தக் குரல் காதை விட்டு அகலாத நிலையில் பலகையைப் பார்த்தவள், அதில் இடப்பக்கம் நின்ற வாகனங்கள் அச்சில் வலப்பக்கம் வரும் என்பதை மறந்து பதறி, அவற்றை அழித்து, வலப்பக்கத்தில் வரைந்து செதுக்கிவிட்டாள்.

“நோ ப்ராப்ளம் அக்கா. ஊர் நினைவில செய்தது எண்டு கீழ எழுதுவம். ஆக்கள் உருகிப்போவினம்.”

“எனக்கு ஊர் நினைவு வரேல்லைத் தம்பி. டிரைவிங் டெஸ்ட்தான் நினைவு வந்தது.”

“அது ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே. பிழை எண்டு எழுதுங்கோ, தாறன்.”

“பிழை எண்டு எழுதி எப்பிடியக்கா சுவரில மாட்டுறது?”

“அப்ப மன்னிக்கவேணும். மாட்டவேண்டாம்.”

கீதன், சுவரில் அவளுடைய பெயர் எழுதி ஒட்டியிருந்த தாளை உரித்தெடுத்தான்.

செதுக்கியெறிந்த மரத்தை மீண்டும் ஒட்ட முடியாது. கைபேசி அதிர்ந்தது, கஜீவன்தான். அவள் எடுக்கவில்லை. பலகையைப் புரட்டிப் போட்டாள். பின்புறம் செதுக்கப்படாமல் வழுவழுப்பாக இருந்தது; அதில் புதிதாகத் தொடங்கலாம். வீதி வரவேண்டிய இடத்தில், பென்சிலை அழுத்தி எழுதினாள்:

“இங்கே இடப்பக்கம்தான் சரி. கஜீவன் சொல்வதைக் கேட்காதே.”