சாக்கா, ஹாக்கா

முனிவேல் தன் காரின் பானெட்டை மெதுவாகத்தான் இறக்கினார். கடைசி ஒரு சாண் இருக்கும்போது கையை விட்டார். பூட்டு விழும் சத்தத்தோடு, காய்ந்த அப்பளத்தை ஒடித்ததுபோல இன்னொரு சத்தமும் கேட்டது.

"என்னம்மா இது? நம்பி எடுத்துக்கினு போலாம்னீங்க. சூளகிரி பக்கம் லாரிங்களுக்கு நடுவுல இது தெறந்துகினா எனக்கு ரோடு தெரியுமா?"

ஜெயப்ரியா குனிந்து பார்த்தாள். பூட்டு உட்காரும் இடத்தில், அவளும் கூடப் படிக்கும் நஞ்சம்மாவும் செவ்வாய்க்கிழமை போட்ட ஃபைபர் ஒட்டு குறுக்கே விரிந்திருந்தது. விரிசலின் ஓரம் பழுப்பேறியிருந்தது. வகுப்பெடுக்கும் முத்துமணி சார் அதில் நகத்தை ஓட்டினார்.

"ஹார்டனர் ஓவர். சூட்டுல வெந்து போச்சு. எவ்ளோ விட்டீங்க?" ரெசின் பிசினை இறுக வைக்கும் மருந்துதான் ஹார்டனர்; கூடிப்போனால் சூடேறிவிடும்.

ஜெயப்ரியா நோட்டை நீட்டினாள். பகலெல்லாம் கம்பெனியில் பேக்கிங் வேலை. மாலையில் பாகலூர் ரோட்டில் இருக்கும் இந்த ஷெட்டில் ஃபைபர் வேலை படிப்பு. கிளம்புமுன் அன்று செய்த எல்லாவற்றையும் எழுதிவிடுவாள். மற்றவர்களுக்குக் கை பழகிவிடுகிறது, தனக்கு மட்டும் பழகவில்லை என்ற பயம்தான் காரணம். சார் சத்தமாகவே படித்தார்.

"செவ்வாய். தூறல். ரெசின் இருநூறு கிராம். ஹார்டனர் நாலு மில்லி. குளிர் என்றால் நிறம் பார்த்து இரண்டொரு சொட்டு சேர்க்கலாம் என்று சார் சொல்லியிருக்கிறார். கலக்கிக்கொண்டிருந்த நஞ்சம்மா அக்கா ஹாக்கு, ஹாக்கு என்றார். மேலும் மூன்று மில்லி விட்டேன்."

ஹாக்கு என்றால் ஊற்று. ஓசூரில் மூன்று மாதம் இருந்தவர்களுக்கே இந்தக் கன்னடம் தெரியும். பரமக்குடியிலிருந்து ஜெயப்ரியா வந்து மூன்று வருடமாகிறது.

நஞ்சம்மா நிமிர்ந்தாள். தமிழ் நன்றாகவே பேசுவாள். அவசரத்தில் மட்டும் வீட்டுப் பேச்சு வந்துவிடும். "நான் சாக்குன்னுதான் சொன்னேன் சார்."

பின்னால் மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்த திருமலை விடவில்லை. "அதான் இப்பவும் சாக்கு சொல்றியேக்கா!"

ஷெட்டே சிரித்தது. கன்னடத்தில் போதும் என்று சொன்னவள், அத்தனை தமிழ்க் காதுகளிலும் சாக்குப்போக்கு சொல்கிறவளாக நின்றாள். சாரின் உதடுகூட ஒரு கணம் கோணியது.

"எழுதி வச்சிருக்குதே நஞ்சம்மா. வெள்ளிக்கிழம வரைக்கும் நீங்க அந்த மூலையில ஒடசல வச்சிப் பழகுங்க."

வெள்ளிக்கிழமை பஸ் பாடி கட்டும் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள். வண்டியில் வேலை செய்கிறவர்களைத்தான் பார்ப்பார்கள்; உடைசல் மூலைப் பக்கம் திரும்பக்கூட மாட்டார்கள். ரோஜாப் பண்ணையில் ஆட்குறைப்பு செய்ததிலிருந்து நஞ்சம்மாவுக்கு வேலை இல்லை என்பதும் ஜெயப்ரியாவுக்குத் தெரியும். வாயைத் திறக்க நினைத்தாள். நோட்டு இருக்கிறதே என்று மனம் சொன்னது. அந்த வரியை எப்போது எழுதினோம் என்றும் அதே மனம் கேட்டது. ரெசின் கலக்கிய கப் புகைந்து, தொட்டால் கை சுடும் அளவுக்குக் கொதித்த பிறகு. ஒரு காரணம் தேவைப்பட்ட பிறகு.

ஷெட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றாள். வேலைக்கு மாட்டும் தடித்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். சாக்கு. ஹாக்கு. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை சொன்னாள், கொஞ்சம் வேகமாக, பதற்றத்தோடு. முதல் எழுத்து துணியிலேயே நின்றுவிட்டது. ஆக்கு, ஆக்கு என்றுதான் காதில் விழுந்தது. அன்று தான் எதைக் கேட்டோம் என்று ஞாபகத்தில் தேடினாள். நஞ்சம்மாவின் கண்கள் அகலமாக விரிந்தது மட்டும் நினைவுக்கு வந்தது. ஊற்று என்று சொல்கிறவர் எதற்குக் கண்ணை விரிக்க வேண்டும்?

உள்ளே வந்தாள். முனிவேல் இன்னும் காரில் சாய்ந்தபடி நின்றிருந்தார்.

"சார், நான் எழுதினது தப்பா இருக்கலாம்."

"இருக்கலாமா? தப்பா?"

"தெரியல சார். மாஸ்க்குக்குள்ள ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. ஆனா நாலுக்கு மேல மூணு விட்டது என் கை. ரெண்டொரு சொட்டுன்னுதான் நீங்க சொன்னீங்க."

கிரைண்டரை யாரோ நிறுத்தினார்கள். திருமலை உப்புத்தாளை மடித்தான். சார் விரிசலையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேந்து பழைய ஒட்ட எடுத்துட்டு இன்னைக்கே மறுபடி போடுங்க. இதுவும் விட்டுச்சுன்னா ரெண்டு பேருமே மூலைக்குத்தான்."

விரிசலின் அடிவரை தேய்த்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. வெள்ளைத் தூசி இருவரின் புருவத்திலும் படிந்தது. நஞ்சம்மா ஒரே ஒரு முறைதான் பேசினாள், நார் விரிப்பைக் கத்தரித்துக்கொண்டே, நிமிராமல்.

"எல்லாரும் சிரிச்சப்போ எங்கடி போச்சு இந்த வாய்?"

ஜெயப்ரியா முகத்துத் தூசியைத் துடைத்துவிட்டு ரெசின் டப்பாவை எடுத்தாள்.

தூறல் மறுபடி பிடித்தது. தகரக் கூரை சில்லிட்டது. ரெசின் இருநூறு கிராம். மாஸ்க்கை மாட்டிக்கொண்டார்கள். ஜெயப்ரியாவின் கையிலிருந்த சிரிஞ்சிலிருந்து நாலு மில்லி ஹார்டனர் இறங்கியது. உள்ளே இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. நஞ்சம்மா குச்சியால் கலக்கினாள். இளஞ்சிவப்பாக இருந்தது வெகு மெதுவாகத்தான் தேநீர் நிறத்துக்கு மாறியது. இந்தக் குளிருக்கு இது போதுமா?

"அக்கா?" என்றாள் ஜெயப்ரியா.

மாஸ்க்குக்கு மேலே இருந்த கண்கள் கப்பைவிட்டு நகரவில்லை. குச்சி சுற்றிக்கொண்டே இருந்தது. சிரிஞ்சின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் நின்றது.