பின்பாரம்

எட்டு வருஷம் ரங்கூனின் அலோன் படகுத்துறையில் அரிசி மூட்டைக்கு மாட்டுவண்டி ஓட்டிய செல்லையா, இப்போது கண் டாக்டர் ஞானமுத்துவுக்குக் கார் ஓட்டுகிறார். டாக்டரை ரங்கூனில் எல்லோரும் பர்மியர் வழக்கப்படி சயா என்றே கூப்பிடுவார்கள். ஊர் ஊராய்ப் போய் வைத்தியம் பார்க்க, கட்டிலும் மருந்து அலமாரியும் வைத்து, இரண்டு சக்கரத்தில் ஒரு வண்டிவீடு செய்து வைத்திருந்தார் சயா. இழுப்பதற்குத்தான் வண்டி பார்க்க வேண்டும். இருக்கிற காரா, மீரா முகைதீன் பட்டறையில் நிற்கும் பழைய பட்டாள லாரியா?

"நீயே சொல்லு செல்லையா" என்றார் சயா.

லாரி வந்தால் அதற்கென்று ஒரு டிரைவரும் கூடவே வருவான். அப்புறம் செல்லையாவுக்கு அங்கே என்ன வேலை? மனிதர் பொல்லாதவர் அல்ல, பயந்தவர். வண்டிவீட்டைக் காரிலே கட்டி மேட்டில் இழுத்துப் பார்த்தார். முக்காமல் முனகாமல் ஏறியது. "காரே போதுங்க" என்று சொல்லிவிட்டார்.

புறப்படுகிற அன்று பாரம் ஏற்றியதும் அவர்தான். தண்ணீர்ப் பீப்பாய், மருந்துப் பெட்டிகள் எல்லாவற்றையும் வண்டிவீட்டின் பின்கோடியில் தள்ளினார். மாட்டின் கழுத்தில் பாரம் இறங்கக் கூடாது, பின்பாரமாக ஏற்ற வேண்டும் என்பது வண்டிக்காரர்களுக்குக் கையிலேயே ஊறிய பழக்கம். காருக்கும் கழுத்து இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார், பாவம்.

இணைப்புக் கொக்கியை அடித்துக் கொடுத்தவன் பட்டறை ஃபிட்டர் அப்துல் ரவூப். கொக்கியைக் கவனிக்க அவன் வண்டிவீட்டின் முன்படியில் உட்கார்ந்து வந்தான். இன்சீன் சாலை இறக்கத்தில் வண்டிவீடு இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. செல்லையா பிரேக்கை மிதித்தார். ஆட்டம் இன்னும் கூடியது. கொக்கியிலிருந்து கழன்று சாலையோரம் கவிழ்ந்தது. ரவூபின் கால் அடியில் மாட்டிக்கொண்டது.

சயா அவனை வேறு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாலு பேரை வைத்து வண்டிவீட்டை நிமிர்த்தினார் செல்லையா. பீப்பாய் உடைந்திருந்தது. பின்கதவு பிய்ந்துபோனதால் பெட்டிகளை முன்பக்கமே அடுக்கிக் கட்டினார். அதே கொக்கியில் மாட்டி, அதே காரில் இழுத்துக்கொண்டு திரும்பினார். வண்டிவீடு அசையவே இல்லை. அலுங்காமல் குலுங்காமல் பின்னாலேயே வந்தது. பாதி வழியில் அவருக்கு விஷயம் புரிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ரவூபின் அடிபட்ட காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"அண்ணே, கொக்கி என் கைவேலை. என் தப்புதான்னு சயாகிட்ட சொல்லிட்டேன். உங்களுக்கு ஒண்ணும் வராது" என்றான்.

அந்த நேரம் சயாவும் வந்து நின்றார்.

"லாரியை விலை பேசி முடிச்சாச்சு. நீ காரை மட்டும் பாத்துக்கோ. கொக்கி சரியில்லைன்னு மீரா முகைதீன் இவனை வேலையிலேருந்து நிறுத்திட்டாராம். ஒத்தைக் காலோட பட்டறையில என்ன செய்வான், அதுவும் வாஸ்தவந்தானே."

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைக்கும். செல்லையா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"லாரி வேண்டாங்க. காருமேலயும் குத்தமில்ல, கொக்கிமேலயும் குத்தமில்ல. பாரத்தைப் பின்னால ஏத்தினது நான். மாட்டுவண்டின்னு நெனச்சுட்டேன். திரும்பி வர்றப்ப முன்னால ஏத்தினேன், நூல் பிடிச்ச மாதிரி வந்துச்சு."

சயா கையை நீட்டினார். செல்லையா இடுப்பிலிருந்து கார் சாவியை எடுத்து அதில் வைத்தார். ரவூப் திட்டுவான், முகத்தில் காறித் துப்புவான் என்று காத்திருந்தார்.

ரவூப் முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தான்.

"அதே கொக்கியிலயா அண்ணே வந்துச்சு? ஆடவே இல்லையா?"

"ஆடல தம்பி."

"அப்ப என் வேலை சுத்தம்!" என்று அவன் சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டு அதையே பர்மிய மொழியில் திரும்பச் சொன்னான். அந்தச் சிரிப்பைத்தான் செல்லையாவால் தாங்க முடியவில்லை.